கிராமத்துத் தடத்தில் குடும்பமாகப் பஸ் நடத்துவது: பெர்மிட் முதல் கடைசி நடை வரை

ராத்திரி 8.40 பஸ்ஸை நம்பி டவுனுக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அந்த பஸ் ஒரு வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை என்றால், அடுத்த மாதமே தவணையில் ஒரு டூவீலர் எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் 8.40 பஸ்ஸுக்கும் வரமாட்டார், காலை 7.15 பஸ்ஸுக்கும் வரமாட்டார். விட்டுப்போனது ஒரு நடை, போனது இரண்டு நடையின் வசூல், அதுவும் நிரந்தரமாக.

கிராமத்துத் தடத்தில் பஸ் தொழில் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்: நடை தவறக்கூடாது. பெர்மிட், வண்டி, ஆள், பராமரிப்பு, காசு எல்லாவற்றையும் இதற்காகத்தான் ஏற்பாடு செய்கிறோம். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் ஒன்று முதல் நான்கு பஸ் வரை வைத்து, குடும்பமாகத் தொழிலை நடத்துகிறவர்களுக்கும் நடத்த நினைக்கிறவர்களுக்கும். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி - பழநி தடத்தில் தொடங்கியபோது இருந்தது ஒரே பஸ், ஓட்டியதும் அவரேதான். இன்றும் ஒரு பஸ், ஒரு தடம் என்று தொடங்குவதுதான் சரி. இரண்டாவது பஸ் வாங்குவதற்கு முன் முதல் பஸ் ஒரு முழு வருடம், அதாவது ஒரு கோடை விடுமுறை, ஒரு மழைக்காலம், ஒரு தை மாதம் ஓடி முடித்திருக்க வேண்டும்.

முதல் வேலை: தடத்தை எண்ணிப் பார்ப்பது

பெர்மிட் விலை பேசுவதற்கும் விண்ணப்பம் எழுதுவதற்கும் முன்னால், தடத்தில் ஏழு நாள் உட்கார வேண்டும். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் போதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த நேரத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்கள், எத்தனை பேர் டூவீலரில் லிஃப்ட் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்த ஏழு நாளுக்குள் ஒரு சந்தை நாளும் ஒரு முகூர்த்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாக வேண்டும். பொள்ளாச்சி, மணப்பாறை மாதிரி மாட்டுச் சந்தை கூடும் ஊர்களுக்குப் போகும் தடத்தில், சந்தை நாள் வசூலை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் மீதி ஆறு நாளும் கையைக் கடிக்கும்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியது தலைகளை மட்டும் அல்ல. இறங்கி ஏறும் ஊர்கள் எத்தனை என்பது அதைவிட முக்கியம். 42 கிலோமீட்டர் தடத்தில் 50 பேர் ஏறி 50 பேரும் கடைசியில் இறங்கினால் ஒரு சீட்டு ஒருமுறைதான் விற்கிறது. நடுவில் ஒரு மேல்நிலைப்பள்ளி, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு வாரச்சந்தை இருந்தால் அதே சீட்டு இரண்டு மூன்று முறை விற்கும். குறைந்தபட்சக் கட்டணம் கொடுத்து நான்கு கிலோமீட்டர் போகிறவர், கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் முழுத் தூரம் போகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார்.

அரசு டவுன் பஸ் எங்கே, எத்தனை மணிக்கு உங்கள் தடத்தோடு சேர்ந்து ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி. அதோடு போட்டி போட நினைப்பதில் அர்த்தமே இல்லை. அரசு பஸ் போன பத்து நிமிடம் கழித்து உங்கள் பஸ் போனால் பாதி சீட்டு காலியாக இருக்கும். அரசு பஸ் திரும்பும் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களும், அரசு பஸ் இல்லாத நேரங்களும்தான் உங்களுக்கு உரியவை.

பெர்மிட்

தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமை ஆயின. அதற்குப் பிறகு மிஞ்சியது பெரும்பாலும் சிறு குடும்பங்களின் பெர்மிட்டுகள்தான். அரசுப் போக்குவரத்துத் திட்டத்துக்குள் வரும் வழித்தடங்களில் தனியாருக்குப் புதிதாக மொபசல் (ஊர்விட்டு ஊர் போகும் வெளியூர் பஸ்) பெர்மிட் கிடைப்பது அரிது. ஆகவே உங்கள் முன் இருப்பது இரண்டு வழிகள்.

ஒன்று, மினி பஸ். பஸ் போகாத கிராமங்களுக்காக 1997இல் தொடங்கிய திட்டம், புதிய விரிவான மினி பஸ் திட்டமாக மாற்றப்பட்டு 2025இல் நடைமுறைக்கு வந்தது. இதில் தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் நீங்கலாக 25 இருக்கை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தடங்களை அறிவித்து விண்ணப்பம் கேட்கும். ஒரே தடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் குலுக்கல். இங்கே பலர் சறுக்குவது 65 சதவீதக் கணக்கில்தான். காகிதத்தில் வரைபடம் போட்டு அளக்காதீர்கள். வண்டி எடுத்துப் போய் ஓடோமீட்டரில் அளந்து, பஸ் ஓடும் சாலை எத்தனை கிலோமீட்டர், ஓடாதது எத்தனை என்று நூறு மீட்டர் சுத்தமாக எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் அப்படித்தான் அளப்பார். பாலத்தின் எடைத் தாங்கு திறன், வளைவின் அகலம், மழையில் தண்ணீர் ஏறும் தரைப்பாலம் ஆகியவற்றையும் அதே பயணத்தில் குறித்துவிடுங்கள். கடைசி ஊரில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு, தினமும் 300 மீட்டர் ரிவர்ஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச் பிளேட் அங்கேதான் சாகிறது.

இரண்டாவது வழி, ஓடிக்கொண்டிருக்கும் மொபசல் பெர்மிட்டை வண்டியோடு வாங்குவது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 82ஆம் பிரிவுப்படி பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற ஆணையத்தின் அனுமதி கட்டாயம். வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பழைய முதலாளி பெயரிலேயே ஓட்டுவது வெடிகுண்டின்மேல் உட்காருவது மாதிரி. விபத்து நடந்தால் வழக்கு அவர்மேல் போகும், நஷ்டஈடு உங்கள்மேல் வரும், இன்சூரன்ஸ் நிறுவனம் இருவரையும் கைவிடப் பார்க்கும். பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: பெர்மிட் எந்தத் தேதிவரை செல்லும், அதில் ஒப்புதலான நேர அட்டவணை என்ன, வரி பாக்கி, வண்டிமேல் கடன், விபத்துத் தீர்ப்பாயத்தில் நிலுவை வழக்கு, தொழிலாளர்களுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கி. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை. இருபது வருடம் வேலை பார்த்த ஓட்டுநரின் கிராஜுவிட்டி சின்னத் தொகை அல்ல.

பெர்மிட்டின் ஆயுள் 5 ஆண்டு. காலாவதி ஆவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னதாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 60 நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். வரி ரசீதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூடக் கோப்பு திரும்பி வரும், அதைச் சரிசெய்ய நாள் வேண்டும்.

நேர அட்டவணைதான் உண்மையில் சொத்து. ஒரே தடத்தில் காலை 7.15க்குப் புறப்படும் பெர்மிட்டும் 10.40க்குப் புறப்படும் பெர்மிட்டும் ஒரே விலை பெறாது. டைமிங் கான்ஃபரன்ஸில் (பஸ் நேரங்களை முடிவு செய்யும் கூட்டம்) மற்ற ஆபரேட்டர்கள் உங்கள் நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளச் சொல்வார்கள். பள்ளிக்கூட மணி, மில் ஷிப்ட், காலை ரயில் ஆகியவற்றின் நேரங்களை எழுதி எடுத்துப்போய், எந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். ஓட்ட நேரத்தையும் நெருக்கிக் கேட்காதீர்கள். 42 கிலோமீட்டரை 28 நிறுத்தங்களோடு 75 நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தால், ஓட்டுநர் தினமும் போதாத பத்து நிமிடத்தை வேகத்தில்தான் பிடிப்பார்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு

நாள் வசூலைப் பார்த்துத் தொழில் நடத்துகிறவர்கள்தான் கடைசியில் வண்டியை விற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டர் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

55 இருக்கை பஸ், 42 கிலோமீட்டர் தடம், நாளுக்கு 8 சிங்கிள் (ஒருவழி நடை). ஓட்டம் 336 கிலோமீட்டர், ஷெட்டுக்குப் போய்வர 6, மொத்தம் 342. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 68.4 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் டீசல் சுமார் 6,360 ரூபாய். இரண்டு ஷிப்ட் ஓட்டுநர், நடத்துநர் சம்பளமும் பேட்டாவும் 3,200. டயர்: ஒரு புது டயரும் அதன் ஒரு ரீட்ரெடும் (தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டுவது) சேர்த்து 29,000 ரூபாய், இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், ஆறு டயருக்கும் கிலோமீட்டருக்கு 1.74 ரூபாய், நாளுக்கு சுமார் 595. பராமரிப்பு கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வீதம் 1,026. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பஸ் ஸ்டாண்ட் கட்டணம் எல்லாம் நாள் கணக்கில் 700. இதுவரை 11,881. 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை மாதம் சுமார் 53,100, நாளுக்கு 1,770. மொத்தம் 13,650 ரூபாய்.

இதை 336ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு சுமார் 40 ரூபாய் 60 காசு. 2018 ஜனவரியில் நிர்ணயித்த மொபசல் சாதாரணக் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. அப்படியென்றால் விடியற்காலை முதல் நடையிலும் மதியம் வெயில் நடையிலும் சேர்த்துச் சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வண்டிக்குள் 70 பேர் இருக்க வேண்டும். 55 இருக்கை வண்டியில் இது நடக்காது. கடன் இல்லை என்றால் 61 பேர். ஸ்டேஜ் முறையில் (தடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டணம் வாங்குவது) குறைந்த தூரத்துப் பயணிகள் கொடுக்கும் கூடுதல் காசும், லக்கேஜும் சேர்ந்தால்தான் அந்த இடைவெளி அடையும். அதனால் எங்கள் தீர்மானமான கருத்து: மொபசல் தடத்தில் முழுக் கடனில் புது வண்டி போடாதீர்கள். ஐந்தாறு வருடம் ஓடிய, என்ஜினைப் பிரித்து வேலை பார்க்காத வண்டியைக் கைக்காசு போட்டு வாங்குங்கள். விலைக்குப் பாதியாவது சொந்தப் பணம் இல்லாதவர்கள் மினி பஸ்ஸில் தொடங்கட்டும்.

மாதம் ஒருமுறை இந்தக் கணக்கை நடைவாரியாகவும் போடுங்கள். எட்டு நடையில் இரண்டு எப்போதும் நஷ்டத்தில்தான் ஓடும். அதை வெட்டச் சொல்லிக் கணக்கு கெஞ்சும், ஆனால் வெட்டக்கூடாது. மதியம் 1.20 நடையில் 14 பேர்தான் என்றாலும், அந்த 14 பேர் காலையில் உங்கள் பஸ்ஸில் வந்தவர்கள்.

வண்டியும் பாடியும்

கரூரில் பாடி கட்டுவது தமிழ்நாட்டுக்கே பழக்கம். சேஸிஸ் வாங்கிக் கரூரில் விட்டால், கட்டும் இடத்தில் குடும்பத்தில் ஒருவர் மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டும்: கூண்டு வெல்டிங் முடிந்து தகடு அடிக்கும் முன், தரை போட்ட பின், பெயின்ட்டுக்கு முன். தகடு அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் வெல்டிங் தெரியாது. கிராமத்துத் தடத்துக்கு அழகைவிட அவசியமானவை சில: முதல் படி தரையிலிருந்து தாழ்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலிக்காரர்கள். கைப்பிடிக் குழாய் வாசலின் இரண்டு பக்கமும் வேண்டும். பூக்கூடை, பால்கேன், காய்கறி மூட்டை வைக்கப் பின்பக்கம் நான்கு இருக்கை அளவு இடத்தை யோசித்து விடுங்கள், ஆனால் அவசரகால வழியை மறைக்காமல்.

பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வழக்கமாக நின்று நின்று, மெதுவாக ஓடும் தடத்தில் புகைவடிகட்டி சூடாகாமல் கரி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் அன்று ராத்திரியே ஷெட்டில் வண்டியை நிறுத்திவைத்து ரீஜெனரேஷன் (அடைத்த கரியை எரித்து நீக்குவது) போட்டுவிட வேண்டும். விளக்கோடு நான்கு நாள் ஓட்டினால் இழுவை குறைந்து, கடைசியில் சர்வீஸ் சென்டர் லேப்டாப் வந்தால்தான் நகரும். புகையைச் சுத்தம் செய்ய இந்த வண்டிகளில் ஊற்றும் யூரியாக் கரைசலில் தண்ணீர் கலப்பது, திறந்த கேனில் வைப்பது இரண்டும் கூடாது. ஊற்றும் வாயைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். அந்தப் பொடி உள்ளே போனால் நாசில் அடைக்கும்.

ஆட்கள்

ஓட்டுநருக்குக் கனரகப் பயணிகள் வாகன உரிமமும் பேட்ஜும், நடத்துநருக்கு உரிமமும் முதலுதவிச் சான்றிதழும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொரு மாதம் முதல் தேதி பாருங்கள். உரிமம் காலாவதியான ஓட்டுநர் கையில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். ஒரு குடும்பத்தின் வீடு, நிலம் எல்லாம் அந்த ஒரு தேதியில் போய்விடும்.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. காலை 5க்கு எடுத்து ராத்திரி 9.30க்கு விடும் வண்டியை ஒரே ஓட்டுநர் ஓட்டுவது பல தடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது, அது தவறு. மதியம் 1.30 வாக்கில் பஸ் ஸ்டாண்டில் ஆள் மாறும்படி இரண்டு ஷிப்ட் வையுங்கள். மாறும் இடம் எப்போதும் டவுன் பக்கமாக இருக்கட்டும். கிராமத்துக் கோடியில் மாற்று ஆள் வராவிட்டால் வேறு ஆள் கிடைக்கமாட்டார்.

பேட்டாவை வசூலில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தால் முன்னால் போகும் பஸ்ஸைத் துரத்துவார்கள். நிறுத்தத்தில் பயணி ஏறும் முன்னே விசில் கேட்கும். நிலையான சம்பளம், அதோடு மாதம் முழுக்க நடை தவறாமல் நேரத்துக்கு ஓட்டினால் ஒரு தொகை, டீசல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பதற்கு ஒரு தொகை என்று வையுங்கள். இரண்டுமே அளக்கக்கூடியவை, இரண்டுமே வண்டியைக் காப்பாற்றுபவை.

காலை 4.40: வண்டியைச் சுற்றிவருவது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நடை தவறுவதில் பெரும்பகுதி, முந்தின நாளே சொல்லிக்கொண்டிருந்த கோளாறால்தான்.

ஸ்டார்ட் செய்யும் முன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் பாருங்கள். தரையில் கறுப்புச் சொட்டு என்றால் ஆயில், பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட், மணத்தாலேயே தெரிவது டீசல். தினமும் அதே இடத்தில் வண்டி நிற்க வேண்டும், தரையைத் தினமும் பெருக்க வேண்டும். அப்போதுதான் இன்றைய சொட்டு தெரியும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்து டயர். பின்பக்கத்தில் வெளி டயரை மட்டும் தட்டிவிட்டுப் போவார்கள். காற்றில்லாமல் இருப்பது பெரும்பாலும் உள் டயர்தான், ஏனென்றால் வெளி டயர் அதைத் தூக்கிப் பிடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரும்புக் கம்பியால் உள் டயரைத் தட்டினால் காற்று இருப்பது துள்ளி ஒலிக்கும், இல்லாதது பொத்தென்று கேட்கும். இரட்டை டயருக்கு நடுவே கல் மாட்டியிருந்தால் எடுங்கள். வீல் நட்டைச் சுற்றித் துருநிறத்தில் கீற்று ஓடியிருந்தால் அந்த நட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியின் நட்டை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி முறுக்காமல் விடக்கூடாது.

ஸ்டார்ட் செய்து பிரேக்குக்கான காற்று ஏறட்டும். மீட்டர் முழுதாக ஏறியதும் என்ஜினை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் கண்ணெதிரே இறங்கினால் எங்கோ கசிகிறது. ஜன்னலைத் திறந்து காது கொடுத்தால் சீறல் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடும். சோப்புத் தண்ணீர் தடவினால் இடமே தெரியும். காற்று டாங்க்கின் வடிகுழாயை ராத்திரி வண்டி விடும்போது திறந்துவிடுவது பழக்கமாக வேண்டும். தண்ணீர் மட்டும் வந்தால் சரி. தண்ணீரோடு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது, மாதக் கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு விளக்குகள், வைப்பர், ஹாரன், கதவு, அவசரகால வழியின் கைப்பிடி, தீயணைப்பான் முள், முதலுதவிப் பெட்டி. முழுச் சுற்றுக்கும் 15 நிமிடம். பார்த்தவர் கையெழுத்து, நேரம் இரண்டும் நோட்டில்.

வாரமும் மாதமும்

வாரம் ஒருமுறை கிரீஸ்: கிங் பின், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஷாக்கிள், புரபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், ஸ்லாக் அட்ஜஸ்டர். கிரீஸ் வைக்கும்போது பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, கிரீஸ் உள்ளே போகவே இல்லை.

கிராமத்துச் சாலையில் அடிக்கடி உடைவது பட்டை. உடைந்த பட்டையை எடுத்துப் பாருங்கள்: சென்டர் போல்ட் துளை இருக்கும் இடத்தில் உடைந்திருந்தால் குற்றவாளி குண்டும் குழியும் அல்ல, தளர்ந்த யு போல்ட். பட்டை மாற்றியபின் ஒரு வாரம் கழித்து யு போல்ட்டை மறுபடி முறுக்காததன் பலன் அது.

மண் சாலைக்குப் போகும் வண்டியில் ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். வெளிக் கூட்டைத் தட்டியோ காற்றடித்தோ சுத்தம் செய்யலாம். உள் கூட்டைக் காற்றடித்தால் காகிதம் கிழியும், தூசி நேராக என்ஜினுக்குப் போகும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை வடியுங்கள்.

முன் டயருக்கு ரீட்ரெட் போடவே கூடாது. முன்னால் தேய்ந்ததைப் பின்னுக்குக் கொண்டுபோய், கேஸ் (டயரின் உடல்) நன்றாக இருந்தால் ரீட்ரெட் செய்து பின்னாலேயே ஓட்டுங்கள். இரட்டை டயரில் ஒரு புதுசையும் ஒரு தேய்ந்ததையும் ஜோடி சேர்த்தால், உயரமான புது டயரே முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகி வெடிக்கும்.

எஃப்.சி. எடுப்பது புது வண்டிக்கு 8 ஆண்டுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். அந்த வேலையைப் பள்ளிக் கோடை விடுமுறைக்குள் வருமாறு திட்டமிடுங்கள். அப்போது ஒரு வாரம் வண்டி நின்றால் இழப்பு குறைவு. இரண்டு பஸ்ஸுக்கு மேல் இருந்தால் ஒரு ஸ்பேர் பஸ் வையுங்கள். ஆனால் பெர்மிட்டில் இல்லாத வண்டியை அலுவலக அனுமதி இல்லாமல் தடத்தில் இறக்காதீர்கள்.

கல்யாண டிரிப், கோயில் டிரிப்

ரூட் பஸ்ஸைக் கல்யாணத்துக்குக் கொடுக்கச் சிறப்பு பெர்மிட் வேண்டும், சட்டத்தின் 88(8) பிரிவு. திருவிழாவுக்குக் கூடுதல் நடை விட 87ஆம் பிரிவில் தற்காலிக பெர்மிட் உண்டு. அதிகபட்சம் 4 மாதம். தைப்பூசத்துக்குப் பழநி போகிற தடங்களில் இது நல்ல வருமானம். ஆனால் ரூட் வண்டியையே அனுப்பிவிட்டு அன்றைய நடைகளை வெட்டுவது இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன ஆளை டூவீலர் கடைக்கு அனுப்புவதுதான். ஸ்பேர் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ராத்திரி 9.45: கணக்கு முடிப்பது

நடத்துநர் வந்ததும் முதலில் காசை எண்ணாதீர்கள். டிக்கெட் மெஷினில் அன்றைய ரிப்போர்ட்டை எடுத்து, நடைவாரியாக டிரிப் ஷீட்டில் எழுதுங்கள்: தொடக்க எண், முடிவு எண், டிக்கெட் எண்ணிக்கை, லக்கேஜ், தொகை. பிறகு டீசல், பேட்டா, பஸ் ஸ்டாண்ட் கட்டணம். வர வேண்டிய தொகை இவ்வளவு என்று எழுதியபின் காசை எண்ணுங்கள். கூடுதலோ குறைவோ அன்றே எழுதி இருவரும் கையெழுத்து. யு.பி.ஐ. தொகை கம்பெனிக் கணக்குக்கு நேராக வரும்படி இருக்கட்டும், யாருடைய சொந்த எண்ணுக்கும் அல்ல.

நாள் வசூல் இவ்வளவு வர வேண்டும் என்று இலக்கு வைத்தால், வைத்த அன்றிலிருந்து அந்தத் தொகை மட்டும்தான் வரும். முகூர்த்த நாளில்கூட அதைத் தாண்டாது. இலக்குக்குப் பதில் ஒப்பீடு வையுங்கள்: இந்தச் செவ்வாய் 7.15 நடையை, போன நான்கு செவ்வாயின் 7.15 நடையோடு. மாதம் நான்கைந்து முறை, நாள் சொல்லாமல், நடுவழியில் குடும்பத்தில் ஒருவர் ஏறித் தலைகளை எண்ணி, மெஷினில் அந்த நேரம் வரை அடித்த டிக்கெட்டோடு ஒப்பிடட்டும். நேர்மையான நடத்துநருக்கு இது பாதுகாப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட.

டீசலை எப்போதும் டாங்க் நிரப்பி, அடுத்த முறையும் நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்து எழுதுங்கள். 5.1 கொடுத்த வண்டி 4.6க்கு வந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது டீசல் வெளியே போகிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கர டிரம்மிலும் கை வைத்துப் பார்த்தால் எது அதிகம் கொதிக்கிறதோ அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யார் பெயரில் எது

குடும்பத் தொழில் உடைவது பெரும்பாலும் சாலையில் அல்ல, வீட்டுக்குள். பெர்மிட் அப்பா பெயரில், வண்டிக் கடன் அண்ணன் பெயரில், ஷெட் நிலம் சித்தப்பா பெயரில் என்று இருக்கும். பெர்மிட்டும் வண்டிப் பதிவும் ஒரே பெயரில் இருந்தாக வேண்டும். பதிவு செய்த கூட்டு நிறுவனமாக மாற்றி, யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு என்ன வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுதுங்கள். தினமும் ஷெட்டுக்கு 4.40க்கு வருகிறவருக்குச் சம்பளம் உண்டு, வராதவருக்குப் பங்கு லாபம் மட்டும். இதை எழுதிவைத்தால் பொங்கலுக்குச் சண்டை வராது.

பெர்மிட் வைத்திருப்பவர் இறந்துவிட்டால் துக்கத்தில் நாள் போவது தெரியாது. சட்டப்படி 30 நாளுக்குள் ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவித்தால், வாரிசு மூன்று மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கருமாதி முடிந்த வாரத்திலேயே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆகலாம், கடிதத்துக்கு அது தேவையில்லை. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு அக்காவின் கையெழுத்து இல்லாமல் கோப்பு மாதக் கணக்கில் கிடக்கும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால்

இவ்வளவு செய்தும் ஒருநாள் நிற்கும். ஓட்டுநர் செய்ய வேண்டிய வரிசையை அட்டையில் எழுதி இருக்கைக்கு மேலே ஒட்டுங்கள். வண்டியை ஓரம் கட்டி, ஹஸார்டு விளக்கு போட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் 50 மீட்டர் தள்ளி வைப்பது முதலில். சக்கரத்துக்குக் கட்டை. பயணிகளைச் சாலைப் பக்கம் அல்லாமல் உள்பக்கமாக இறக்குவது. பிறகு ஷெட்டுக்கு போன். பத்து நிமிடத்தில் சரியாகாது என்று தெரிந்தால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்காமல் ஸ்பேர் பஸ்ஸோ, வேனோ, அடுத்து வரும் வேறு ஆபரேட்டர் பஸ்ஸோ ஏற்பாடு செய்து, மீதித் தூரத்துக்கான காசை நடத்துநர் கையோடு திருப்பித் தர வேண்டும். கடைசி நடை என்றால் வாடகைக் கார் பிடித்தாவது அவரவர் ஊரில் விடுங்கள். ஆறு பேரைக் கொண்டுபோய்விட 1,200 ரூபாய் ஆகும். அதை விளம்பரச் செலவு என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 7.15க்கு அதே தடத்தில் பஸ் நிற்க வேண்டும். ஆகவே ராத்திரி 11 மணிக்கே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, காலை 4.40க்குள் சரியாகுமா, ஆகாதா; ஆகாது என்றால் ஸ்பேர் பஸ்ஸுக்கான அனுமதிக் கடிதத்தை அப்போதே எழுத உட்காருங்கள்.